களிமண் காயாமல் பார்த்துக்கொண்டவர்

1986ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தென்பகுதியில் உள்ள ஒரு சிற்றூருக்கு, உழவு இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை வேலைக்காகக் குடிபோனேன். போன முதல் வாரமே மாலை நேரங்களில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரும்பும் இரும்பும் மோதும் ஓசை கேட்கத் தொடங்கியது. திண்டுக்கல் பக்கத்தில் கொல்லுப்பட்டறைக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவன் என்பதால், யாரோ பட்டறை வைத்திருக்கிறார்கள் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் பட்டறைச் சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. இதில் அது இல்லை. ஈரமண்ணில் எதுவோ பொத்தென்று விழும், மறுபடியும் விழும், பிறகு ஒரு ‘ணங்’, அதற்கப்புறம் வெகுநேரம் ஒன்றும் இராது. மூன்றாம் நாள் வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன். அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர், நாற்பது அடி தூரத்தில் நட்டிருந்த இரும்பு முளையை நோக்கி லாடம் எறிந்துகொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் மாட்டுக்கு அடிக்கும் லாடம் இரண்டு துண்டாக இருக்கும். முழு வளைவாக இருக்கும் குதிரை லாடத்தை நிலைப்படியில் அறைந்திருக்கத்தான் பார்த்திருக்கிறேன். அவர் கையில் இருந்ததோ எந்தக் குதிரையின் குளம்புக்கும் பொருந்தாத அளவு பெரியது. விளையாட்டுக்கென்றே செய்யப்படும் அந்த லாடம் இரண்டு பவுண்டு பத்து அவுன்சு வரை, அதாவது ஏறக்குறைய 1.2 கிலோ வரை, இருக்கலாம் என்பதும், அதன் வாய் மூன்றரை அங்குலத்துக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது என்பதும், ஒரு அங்குலத் தடிமனுள்ள முளையை அந்த வாய்க்குள் வாங்குவதுதான் இந்த விளையாட்டின் முழுச் சாரம் என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அன்று அவர் ஒன்றும் விளக்கவில்லை. வேலிக்கு மேலாக ஒரு லாடத்தை நீட்டி, “எறிந்து பாருங்கள், பேச்சு அப்புறம்” என்றார். நான் எறிந்தது முளையைத் தாண்டிப் பலகையில் மோதிச் சரிந்தது. சிரிக்காமல் அடுத்ததை நீட்டினார்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஒன்பது வயதில் தந்தையின் களஞ்சியத்துக்குப் பின்னால் எறியத் தொடங்கி, 2014இல் எண்பத்தொன்பதாம் வயதில் இறக்கும் வரை எறிந்துகொண்டிருந்தார். மாநில அளவில்கூட அவர் பெரிய வெற்றி எதுவும் பெற்றதில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் அந்த விளையாட்டை ஆடிய யாரைக் கேட்டாலும், முதல் லாடத்தை அவரிடமிருந்து வாங்கியதாகத்தான் சொல்வார்கள். அவரோடு இருந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் கற்றதையும், அவர் பேச்சைக் கேட்காமல் நான் கெடுத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

குதிரைப்பந்தயக்காரர்களுக்குப் பந்தயத்திடல் எப்படியோ, அப்படி அவருக்குக் கெல்லர்டன் என்னும் சிற்றூர். எங்கள் ஊரிலிருந்து வண்டியில் போய் வரக்கூடிய தூரம்தான். 1909ஆம் ஆண்டு கான்சஸ் மாநிலத்தின் பிரான்சன் ஊரில் உலகப் போட்டி என்று பெயரிட்டு நடந்த முதல் ஆட்டத்தில் வென்று வீரப்பட்டை வாங்கிய பிராங்க் ஜாக்சன் அந்த ஊர்க்காரர். என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போனார். சோளக்கொல்லைகளையும் நாலைந்து தெருக்களையும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. திரும்பும் வழியில்தான் விளையாட்டின் கதையைச் சொன்னார். 1914இல் கான்சஸ் மாநிலத்துக் கான்சஸ் நகரில் விதிகளை ஒழுங்குபடுத்த முதல் சங்கம் கூடியது. 1920இல் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஓகியோவின் ஆக்ரன் நகரத்துத் தீயணைப்பு வீரரான ஜார்ஜ் மே, லாடத்தின் வாய் ஒவ்வொரு முறையும் முளையைப் பார்த்தே வந்து விழும்படி சுழற்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்து வென்றார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு, லாடம் முளைக்குப் பக்கத்தில் விழுந்தால் போதும் என்று எறிந்தவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. “அதற்கு முன்பு இது கைவலிமை, அதற்குப் பின்பு இது கணக்கு” என்பது பெரியவரின் தீர்ப்பு.

அந்தக் கணக்கை நான் புரிந்துகொள்ள ஒரு கோடை முழுதும் ஆயிற்று. வலக்கைக்காரர் எறியும் லாடம் கடிகாரத் திசையில் சுழன்று போகும் என்று வைத்துக்கொள்வோம். எறியும்போது அதன் வாய் இடப்பக்கம் பார்த்திருந்தால், ஒன்றேகால் சுற்றுச் சுற்றி முடிக்கையில் வாய் நேரே முளையைப் பார்க்கும். வாய் வலப்பக்கம் பார்த்திருந்தால் ஒன்றேமுக்கால் சுற்று வேண்டும். பிடிக்கும் இடமும் விரல்களின் வைப்பும் இதைப் பொறுத்தே மாறும். சுற்றுவதே வேண்டாம் என்பவர்கள், லாடத்தின் வளைந்த முதுகைப் பிடித்து, வாயை முன்னால் நீட்டி, காற்றில் ஒருமுறை குட்டிக்கரணம் போடும்படி எறிவார்கள். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் தானாகவே இதைத்தான் செய்வார்கள். பெரியவர் அதைத் தடுக்கமாட்டார். இது பெரும் பாடம் என்று எனக்குப் படுகிறது. வந்தவரின் பிடியை முதல் நாளே மாற்றினால் அவர் இரண்டாம் நாள் வரமாட்டார். நாலைந்து வாரம் அவர் போக்கில் எறியவிட்டு, “ஏன் எனக்கு மேலே போய்ப் பக்கவாட்டில் திரும்பி விழுகிறது?” என்று அவரே கேட்கும்போதுதான் பிடியைப் பற்றிப் பேச வேண்டும்.

நான் செய்த பிழை வேறு. இயந்திரப் பொறியாளன் என்ற நினைப்பில், மணிக்கட்டைத் திருகிச் சுழற்சியை உண்டாக்கப் பார்த்தேன். பத்து எறிதலில் பத்தும் பத்து விதமாகச் சுற்றின. கை கடிகார ஊசல்போல உடலை ஒட்டி நேராகப் பின்னே போய் நேராக முன்னே வர வேண்டும், இடக்கால் ஒரு அடி முன்வைக்க வேண்டும், லாடம் கண்மட்டத்துக்கு வரும்போது கையை விட்டுப் போக வேண்டும். சுழற்சி என்பது பிடியிலிருந்து தானாக வருவது, கையால் ஊட்டுவதன்று. இதை அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: “லாடத்தை நீங்கள் திருப்பாதீர்கள், அதைப் போக விடுங்கள்.” எட்டு ஒன்பது அடி உயரத்துக்கு எழும்பி, தட்டையாக வந்து படுக்கும் எறிதல்தான் நிலைக்கும். தாழ்வாக வேகமாக வருவது முளையில் பட்டாலும் துள்ளித் தெறித்துவிடும்.

பயிற்சிக்கு அவர் வைத்திருந்த முறை எளிது. ஐம்பது லாடம் எறிவது, எத்தனை முளையைச் சூழ்ந்து விழுந்தன என்று குறிப்பது, அவ்வளவுதான். அப்படிச் சூழ்ந்து விழுவதை ரிங்கர் என்பார்கள். லாடத்தின் இரண்டு நுனிகளையும் தொடும்படி ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் அது முளையில் படக் கூடாது, அப்போதுதான் ரிங்கர். அதற்கு மூன்று புள்ளி. ஆறு அங்குலத்துக்குள் கிட்டத்தில் விழுந்ததற்கு ஒரு புள்ளி. இருவரும் ரிங்கர் போட்டால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஆளுக்கு இரண்டாக இருவரும் எறிந்த நான்கு லாடமும் ஒரே முளையில் விழுந்தால் “ஃபோர் டெட்” என்று கூவிவிட்டு, ஒரு புள்ளியும் இல்லாமல் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. பெரியவருக்கோ அதைவிட அழகான காட்சி உலகத்தில் கிடையாது.

ஐம்பதுக்கு ஐந்து ரிங்கர் என்று தொடங்கிய நான், நாலாம் ஆண்டில் இருபதைத் தொட்டேன். அதற்கு மேல் போகவே இல்லை. அதில் வருத்தமும் இல்லை. ஓகியோவின் டிஃபையன்ஸ் நகரத்து ஆலன் பிரான்சிஸ் எறிவதை ஒருமுறை நேரில் பார்த்தேன். முக்கால் சுற்று மட்டுமே, அதுவும் மற்றவர்களுக்கு எதிர்த்திசையில் சுற்ற விட்டு, நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி ரிங்கர் போடும் மனிதர். உலகப் பட்டத்தை இருபது முறைக்கு மேல் வென்றவர். பார்த்த பிறகு என் இருபதைப் பற்றி யாரிடமும் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

கையைப் பற்றி இவ்வளவு போதும். பெரியவரின் உண்மையான வேலை மண்ணில் இருந்தது.

முளையைச் சுற்றியுள்ள குழியில் எதை நிரப்பலாம் என்றால் விதி மணலையும் ஏற்கும், களிமண்ணையும் ஏற்கும். ஆடத் தெரிந்தவர்கள் களிமண்ணைத்தான் கேட்பார்கள். ஈரக் களிமண்ணில் வந்து விழும் லாடம் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். எறிந்தவனின் தவறும் சரியும் அப்படியே தெரியும். ஆனால் களிமண் வளர்ப்புப் பிராணி மாதிரி. ஒரு நாள் கவனிக்காவிட்டால் மேல்தோல் காய்ந்து ஓடாகிவிடும். லாடம் அதில் பட்டுத் துள்ளும். தண்ணீர் கூடினாலோ சேறாகி, ஒவ்வொரு எறிதலுக்கும் துணியால் துடைக்க வேண்டிவரும். சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாக, விரலால் அழுத்தினால் குழி விழுந்து, ஆனால் விரலில் ஒட்டாமல் இருக்கும் பதம்தான் சரியான பதம். அதற்கு அவர் செய்தது: ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் கொத்திப் புரட்டி, ஈரச் சாக்கை விரித்து, மேலே பலகை போட்டு மூடுவது. காலையில் ஊற்றும் தண்ணீர் மேலேயே நிற்கும், கீழே இறங்காது என்பார். வாரத்துக்கு இரண்டு ஆட்ட நாள். பூங்காவில் எட்டுக் களம். களத்துக்கு இரண்டு குழி. பதினாறு குழிக்கும் அவரே வாளி தூக்கினார், நாற்பது ஆண்டுகளாக.

முளை நடுவதிலும் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மண்ணுக்கு மேலே பதினான்கிலிருந்து பதினைந்து அங்குலம் தெரிய வேண்டும். எதிர் முளையை நோக்கி மூன்று அங்குலம் சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு இல்லாவிட்டால் வந்து மாட்டிய லாடம் மேலேறி வெளியே போய்விடும். சிமெண்டில் இறுக்கி நடுவதைவிட, பழைய ரயில் தண்டவாளக் கட்டையில் துளையிட்டு இறக்கிப் புதைப்பதே நல்லது என்பது அவர் கட்சி. கட்டை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்பார். ரயில்வேக்காரர் வேறு என்ன சொல்வார் என்று நான் கேலி செய்ததுண்டு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுப் பார்த்தபோது, கட்டை முளையில் லாடம் தெறிப்பது குறைவாகத்தான் இருந்தது.

1989இல் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் லாட எறிதல் களம் அமைத்தார். செய்தி வந்ததும், அதுவரை எங்களை எட்டிப் பார்க்காதவர்கள்கூடப் பூங்காவுக்கு வந்து விசாரித்தார்கள். அந்த உற்சாகத்தில், பக்கத்து ஊரில் புதிதாக ஆறு களம் போட முடிவாகி, வடிவமைப்பு என் பொறுப்பாயிற்று. களிமண்ணுக்குப் பராமரிப்புச் செலவு என்று கணக்குப் போட்டு, மணல் போட்டுவிடலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். பெரியவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “மணலுக்குத் தண்ணீர் வேண்டாம், அதனால் ஆளும் வேண்டாம். ஆள் வேண்டாத இடத்துக்கு ஆள் வரமாட்டான்” என்றார். எதுகை மோனைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

முதல் கோடையிலேயே தெரிந்துவிட்டது. மணலில் விழுந்த லாடம் சறுக்கிக்கொண்டு போய் முளையைத் தாண்டி நின்றது. நல்ல எறிதலும் கெட்ட எறிதலும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. காற்றடித்தால் மணல் கண்ணில் பட்டது. பூனைகள் வந்து தங்கள் வேலையை முடித்துப் போயின. மூன்றாம் ஆண்டு அந்தக் களங்களில் புல் முளைத்தது. நான் மிச்சப்படுத்திக் கொடுத்த தொகை என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் கழித்துவிட்டது தண்ணீர்ச் செலவை மட்டுமல்ல. முந்தின நாள் மாலை வாளியோடு வரும் ஒருவர், அவரைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்க வரும் இன்னொருவர், அவர் கையில் திணிக்கப்படும் ஒரு லாடம், இப்படித்தான் எங்கள் ஊரில் ஆட்டக்காரர்கள் உருவாகியிருந்தார்கள். அந்த வாசலை நான் வரைபடத்திலேயே அடைத்திருந்தேன்.

விளையாட்டைப் பரப்புவது என்றால் துண்டறிக்கை, பரிசுக் கோப்பை என்று நினைப்பவர்கள் உண்டு. பெரியவர் துண்டறிக்கை அடித்ததே இல்லை. அவர் வண்டியின் பின்பெட்டியில் எப்போதும் பன்னிரண்டு ஜோடி பழைய லாடம் கிடக்கும். முளையில் மோதி மோதி லாடத்தின் விளிம்பில் எழும் பிசிறு கத்திபோல் விரலைக் கிழிக்கும் என்பதால், இரவல் லாடங்களை வாரம் தவறாமல் அரம் போட்டுத் தேய்த்து வைத்திருப்பார். முதல் நாளே விரல் கிழிந்த சிறுவனை அவன் தாய் மறுபடி அனுப்பமாட்டாள் என்பது அவர் அனுபவம். அதேபோல, ஒருவர் எறியும்போது மற்றவர் அவருக்கு இரண்டடி பின்னால் நிற்க வேண்டும், நான்கு லாடமும் விழும் வரை யாரும் குழியை நோக்கி நடக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளில் மட்டும் குரலை உயர்த்துவார். ஒருமுறை பந்தை எடுக்க ஓடிவந்த ஒரு சிறுமியின் தலைக்கு ஒரு முழம் தள்ளி என் லாடம் விழுந்தது. அந்த மாலை முழுதும் எனக்குக் கை நடுங்கியது. மறுநாளே களங்களுக்குப் பின்னால் நாலடி உயரத்துக்கு வலை கட்டினோம். அதற்கு முன்பே கட்டியிருக்க வேண்டும்.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். பெண்களும் சிறுவர்களும் எழுபது வயதைத் தாண்டிய ஆண்களும் முப்பது அடியிலிருந்து எறியலாம் என்பது விதி. முளைகள் இடம் மாறுவதில்லை. எறிபவர் பத்தடி முன்னால் வந்து நிற்பார். இதைச் சலுகை என்று கருதி ஆண்கள் மறுப்பதும், பெண்களைக் கடைசிக் களத்துக்கு அனுப்புவதும் பல ஊர்களில் கண்டேன். பெரியவர் முதல் களத்தையே முப்பதடிக்காரர்களுக்குக் கொடுத்தார். பூங்கா வாசலில் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது, பேரனோடு எறியும் ஒரு பாட்டியாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். பக்கத்து மிசூரி மாநிலத்தின் விக்கி சாப்பெல் வின்ஸ்டன் பெண்கள் உலகப் பட்டத்தைப் பத்து முறை வென்றவர் என்பதை, முணுமுணுத்த ஆண்களிடம் நினைவூட்டுவார். ஆண்களில் டெட் ஆலனும் 1933இலிருந்து 1959 வரை பத்துதான் வென்றார் என்று சேர்த்துக்கொள்வார்.

என் மனைவி அந்த முதல் களத்தின் வழியாகத்தான் உள்ளே வந்தாள். மதுரையில் பள்ளிக்கூட அணியில் வளையப்பந்து ஆடியவள் அவள். ரப்பர் வளையத்தைத் தட்டையாக, சுழல விட்டு, எதிராளியின் கைக்கு எட்டாத இடத்தில் போடப் பழகிய மணிக்கட்டு அது. இரும்பின் எடை பழக இரண்டு வாரம் ஆயிற்று. மூன்றாம் வாரம் என்னை வென்றாள். வளையப்பந்தை நாங்கள் டென்னிகாய்ட் என்போம். அந்தப் பெயரின் பின்பாதியில் இருக்கும் ‘காய்ட்’ என்பதும் முளையை நோக்கி வளையம் எறியும் பழைய ஆட்டத்தின் பெயரே என்று பெரியவர் சொன்னபோது, இரண்டு ஆட்டமும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

வார ஆட்டங்களில் திறமை குறைந்தவருக்கு, அவரது சராசரி ரிங்கரைக் கணக்கிட்டு முன்கூட்டியே சில புள்ளிகள் தரும் ஹாண்டிகேப் முறையையும் பெரியவர் விடாமல் நடத்தினார். நல்ல ஆட்டக்காரர் சிலர் இதனால் கோபித்துக்கொண்டு விலகினார்கள். அவர் தடுக்கவில்லை. இந்த ஒன்றில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. அந்தச் சிலர் இருந்திருந்தால் இளைஞர்களுக்குப் பார்த்துக் கற்க ஆள் இருந்திருக்கும். அவர் போன பிறகு, மாதத்தில் ஒரு வாரம் ஹாண்டிகேப் இல்லாமல் ஆடுவது என்று மாற்றினேன். விலகியவர்களில் இருவர் திரும்பி வந்தார்கள்.

எழுபது வயதானதும் முப்பதடிக்கு வர அவரும் கொஞ்சம் தயங்கினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு வருடம் போல நாற்பதிலேயே எறிந்து, லாடம் குழிக்கு முன்பாகவே விழுவதைப் பார்த்துவிட்டு, ஒரு மாலை ஒன்றும் சொல்லாமல் பத்தடி முன்னால் போய் நின்றார். எண்பதுக்குப் பிறகு குனிய முடியாதபோது, நீண்ட கம்பியின் முனையில் கொக்கி வளைத்து அதனால் லாடத்தை எடுத்தார். வாளி தூக்குவதை மட்டும் அவரால் விட முடியவில்லை. முதுகுவலிக்கு மருத்துவர் கண்டித்துச் சொன்ன பிறகு, நாங்கள் ஆறு பேர் நாள் பிரித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினோம், செவ்வாய்க்கிழமை எனக்கு.

அவர் இறந்த பிறகு அவருடைய மகள் ஒரு பெட்டி நிறையக் குறிப்பேடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். தேதி, வானிலை, ஐம்பதுக்கு எத்தனை ரிங்கர் என்று ஒரு நாளைக்கு ஒரு வரி. கடைசிக் குறிப்பேட்டின் கடைசி வரி 2013 செப்டம்பரில் ஒரு புதன்கிழமையில் நிற்கிறது. முப்பதடி, பத்தொன்பது ரிங்கர், நல்ல வெயில், களிமண் கொஞ்சம் காய்ந்திருந்தது. முந்தின நாள் மாலை தண்ணீர் ஊற்ற வேண்டிய முறை என்னுடையது.